வெள்ளைத் தீவுக்காரர்

எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் பலர் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். கலியாண வீட்டிலோ மையத்து வீட்டிலோ சந்தித்தால் யாராவது ஒருத்தி கேட்காமல் விடமாட்டாள். "உங்கட வாப்பா வெள்ளைத் தீவுக் கதை சொல்லித் திரிவாரே, ஞாபகமிரிக்கா?" கேட்டுவிட்டுச் சிரிப்பாள். கெட்ட மனதோடு இல்லை. சின்ன வயதில் சிரித்த சிரிப்பு அப்படியே வாயில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

கூடப் படித்த நீங்கள் எல்லாம் பார்த்தது எங்கள் வளவுக்கு வெளியே நின்று. உள்ளே நடந்ததை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

சண்டை தொடங்கி ஒன்றிரண்டு வருசம் ஆகியிருந்த காலம் அது. தூர வயலுக்குப் போனவர்கள் பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். கல்முனைக்குப் போகிற பாதையில் சோதனைச் சாவடி. கடற்கரையில், மையத்து அடக்குகிற எங்கள் ஊர் மையவாடிக்குக் கொஞ்சம் தெற்கே, ஒரு இராணுவக் காம்ப். கச்சான் காற்று புழுதியை வாரிச் சோற்றுச் சட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில் வாடகைக் காரில் வாப்பா வந்து இறங்கினார். எனக்குப் பதினொரு வயது. அவர் போகும்போது நான் நடை பழகிய பிள்ளை, முகம் ஞாபகமில்லை. உம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். எரிக்கிற வெயிலில், கையில் ஒரு கனத்த மழைக்கோட்டைத் தொங்கப்போட்டபடி ஒரு மெலிந்த மனிதர் நின்றார்.

வாப்பாவின் தொழில் கோக்கி. மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் பெரிய துரைக்குச் சமைத்தவர். துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போய், அங்கே மனைவி இறந்து, காலும் வழங்காமல் தனித்துப்போன பிறகு வாப்பாவைத் தன்னிடம் எடுப்பித்துக்கொண்டார். துரையின் ஊர் லண்டன் இல்லை. இங்கிலாந்தின் தெற்குக் கடலில் ஒரு தீவு. ஐல் ஒஃப் வைட் என்று வாப்பா சொல்வார். எங்கள் ஊர்க் காதுக்கு வைட் என்றால் வெள்ளைதான்.

"வெள்ளை இல்ல, அது வேற எழுத்து" என்று முதலில் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். "சரி, கடலோரம் சுண்ணாம்பு மலைதானே. வெள்ளையெண்டே வெச்சிக்கங்க."

அப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்றால் சவுதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள். அவர்கள் வந்தால் பெட்டி திறப்பது ஒரு திருவிழா. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடத்தில் சுற்றி இருப்பார்கள். கம்பளி, டோர்ச், வாசனைப் போத்தல், கேசட் ரேடியோ என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வாப்பாவின் பெட்டியை உம்மா திறந்தபோதும் பெண்கள் வந்திருந்தார்கள். நப்தலின் உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. மேலே, இறந்துபோன துரையின் பழைய சட்டைகள். அதற்குக் கீழே ஒரு கைத்தடி. அதன் பிடியை விரித்தால் ஒற்றைக்கால் இருக்கையாக நிற்கும். கறுப்புத் தோல் உறைக்குள் ஒரு தூரக்கண்ணாடி. சுருள் சுருளாக மெல்லிய வெள்ளைக் கடதாசி. சவர்க்காரக் கட்டி போலக் கறுப்பு மெழுகுக் கட்டிகள்.

"இதெல்லாம் என்னகா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார்.

உம்மா பெட்டியை மூடினார். "சாமானெல்லாம் கப்பல்ல வருது" என்றார்.

கப்பலில் ஒன்றும் வரவில்லை. வாப்பா அனுப்பிய காசில்தான் எங்கள் கல்வீடு எழும்பியிருந்தது. எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுக்கவேண்டிய வீடு. அந்தப் பெண்கள் அந்த வீட்டுக் கூடத்தில்தான் இருந்தார்கள். அதை யாரும் நினைக்கவில்லை, உம்மாவும் அந்த நேரம் நினைக்கவில்லை.

வாப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. விடிந்ததும் அடுப்படிக்குள் போய்விடுவார். முட்டையும் சீனியும் அடித்து, முந்திரிகை வத்தல் போட்டு, சட்டிக்கு மேலும் கீழும் நெருப்பு வைத்து ஒரு இனிப்புப் பாண் சுடுவார். அதன் வாசம் வீதி வரைக்கும் போகும். நானும் ராத்தாவும் சுடச்சுடத் தின்போம். உம்மா ஓடிவந்து அடுப்படிக் கதவைச் சாத்துவார்.

"ஆம்பிளை அடுப்பூதுறதக் கண்டா ஆக்கள் என்ன சொல்வாங்க?"

"நான் அடுப்பூதித்தானே இந்த வீடு வந்திச்சு" என்று வாப்பா சிரித்துக்கொண்டு சொல்வார். உம்மாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. ராத்தாவைப் பெண் கேட்டு வரப்போகிற காலம்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போவார். அங்கேதான் அவருக்குப் பேர் வந்தது. நான் ஓதிவிட்டு அந்த வழியால்தான் வரவேண்டும். வாப்பாவின் குரல் கேட்டால் குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து வேகமாக நடப்பேன்.

"அந்தத் தீவில ஒரு கோட்டை இரிக்கி. கோட்டைக்குள்ள ஆழமான கிணறு. தண்ணி அள்ள பெரிய மரச் சில்லு. சில்லுக்குள்ள கழுதை நடக்கும். கழுதை நடக்க நடக்க வாளி மேல வரும். இப்பவும் நடக்குது, ஆக்கள் ரிக்கட் எடுத்துப் பாக்காங்க."

"கழுதைக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று யாரோ கேட்பார்கள். கடையே சிரிக்கும்.

வாப்பாவும் சிரிப்பார். தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். அதே கோட்டையில் ஒரு ராசாவைச் சிறை வைத்ததையும், அவர் தப்பப் பார்த்துச் சன்னல் கம்பிக்குள் மாட்டிக்கொண்டதையும் சொல்வார். பெரிய ராணி கண்மூடி மௌத்தான மாளிகை அந்தத் தீவில்தான் என்பார். அந்த ராணிக்கு இந்தியாவிலிருந்து போன ஒரு முஸ்லிம் முன்ஷி உருது எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார் என்று அவர் சொன்ன அன்றைக்கு, கடை முதலாளி கும்பிடு போட்டு, "காக்கா, கழுதை வரைக்கும் நம்பினம். இதுக்கு மேல ஏலாது" என்றாராம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது கடைசி வாங்கிலிருந்து கழுதை கத்தியது. நீங்கள் யாரென்று சொல்லவேண்டாம், எனக்கு ஞாபகமிருக்கிறது. எனக்கு உங்கள் மீது கோபம் வரவில்லை. வாப்பா மீதுதான் வந்தது.

துரை அந்தத் தீவில் செய்த வேலை ஒன்றை வாப்பா இங்கேயும் செய்யத் தொடங்கினார். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணமாகிப் போனது.

எங்கள் மையவாடி கடலோரம் இருந்தது. ஒவ்வொரு வாடைக் காற்றுக்கும் கடல் கொஞ்சம் உள்ளே வரும். கிழக்கு வரிசையில் கப்றுக் குழிகளின் தலைமாட்டில் நட்ட பழைய மீசான் கற்கள் சரிந்து, பாதி மணலுக்குள் புதைந்து கிடந்தன. அவற்றில் அரபு எழுத்தில் வெட்டியிருந்ததை உப்புக்காற்று அரித்துவிட்டது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வாப்பா கல்லில் கடதாசியைப் பரப்பி, நான்கு மூலைக்கும் கூழாங்கல் வைத்து, மெழுகுக் கட்டியால் மெதுவாகத் தேய்ப்பார். கடதாசி கறுக்கும். வெட்டிய இடம் மட்டும் வெள்ளையாக மேலே எழுந்து வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மா என்னிடம் தேத்தண்ணிப் போத்தலைக் கொடுத்து அனுப்பினார். பெண்பிள்ளைகள் மையவாடிக்குள் போகக்கூடாது என்பதால் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வாப்பா மணலில் குப்புறப் படுத்திருந்தார். தாடியெல்லாம் மணல். சுருளை வேலிக்கு மேலால் எனக்கு விரித்துக் காட்டினார்.

"பாருங்க மகள். இது ஒரு பொம்புளைட பேர். ஆருட உம்மாவோ."

"ஏன் வாப்பா இதைச் செய்றீங்க?"

"துரைட தீவில றோட்டே கடலுக்குள்ள போகுது. நேத்து நடந்த பாதை இண்டைக்கு அந்தரத்தில நிக்கும். துரை சொல்வார், கடல நம்மளால மறிக்க ஏலாது, போறதுக்கு முன்ன பேரையாவது எடுத்து வெச்சிரணும் எண்டு. ஞாயித்துக்கிழமையில அவரை வண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போவன். கோயில் வளவுக் கல்லெல்லாம் நாங்க ரெண்டு பேரும் தேய்ச்சம். இஞ்ச நம்மட கல்லு போகுது, ஒருத்தரும் கவனிக்கிறாங்க இல்லயே."

அந்த நேரம் வீதியால் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். நான் தேத்தண்ணிப் போத்தலை வேலியடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தேன். வாப்பா பின்னால் இருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது.

ஊரில் ஆளுக்கொரு விதமாகக் கதைத்தார்கள். கப்று வணங்குகிறார் என்றார்கள் சிலர். சிஹிர் செய்கிறார், சூனியம் வைக்கிறார் என்றார்கள் சிலர். வாப்பாவின் காக்கா, எங்கள் பெரியவாப்பா, பள்ளிவாசல் தலைவர். அரிசி வியாபாரம் செய்து சிங்களம் சரளமாகக் கதைப்பார். ஒருநாள் அவர் வந்து கூடத்தில் நின்றபடியே சொன்னார்.

"தம்பி, மருதமுனையில இருந்து புள்ளைக்கு நல்ல சம்மந்தம் பேசி வந்திரிக்கன். நெசவுக் குடும்பம், மாப்பிளை வாத்தியார். நீ இந்தக் கூத்த விட்டுரு."

"கிழக்கு வரிசை முடியப் போகுது காக்கா. இன்னும் ஏழெட்டுக் கல்லுதான்."

பெரியவாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா நிலத்தைப் பார்த்தார்.

அந்த ஏழெட்டுக் கல் முடியவில்லை. கடல் வற்றிய நேரம், முன்பொரு காலம் இருந்த மையவாடி மதில் தெரிகிறதா என்று பார்க்க வாப்பா தேய்த்த சுருள்களோடு தூரக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருக்கிறார். கடற்கரையில் காம்ப் இருக்கிற காலத்தில் தூரக்கண்ணாடியோடு ஒரு ஆள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஓடிவந்து சொல்லும்போது வாப்பாவை ஜீப்பில் ஏற்றி முடிந்துவிட்டது. அப்படி ஏற்றப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. உம்மா வாசற்படியில் இருந்தவர் விடியும்வரை எழும்பவில்லை.

காலையில் பெரியவாப்பாவோடு உம்மாவும் நானும் காம்புக்குப் போனோம். பிள்ளையையும் கூட்டி வா, பெண்ணும் பிள்ளையும் என்றால் இரங்குவார்கள் என்று பெரியவாப்பாதான் சொன்னார். வழியில் மணல் ஒழுங்கையில் நின்றார்.

"ஒரே ஒரு வழிதான் இரிக்கி. அவனுக்குப் புத்தி சுகமில்ல எண்டு சொல்லணும். பள்ளிச் சபை எழுதிக் கையெழுத்து வெச்சிட்டம்." சட்டைப் பையிலிருந்த கடதாசியைத் தொட்டுக் காட்டினார். "ஆனா பொஞ்சாதி வாயால வந்தாத்தான் நம்புவாங்க."

உம்மா அந்தக் கடதாசியைப் பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

அதிகாரியின் மேசையில் தூரக்கண்ணாடியும் கறுத்த கடதாசிச் சுருள்களும் கிடந்தன. எங்கேயோ ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை போய்க்கொண்டிருந்தது. அதிகாரி ஒரு சுருளை விரித்துத் தலைகீழாகப் பிடித்து, இது என்ன வரைபடம் என்று சிங்களத்தில் கேட்டார். பெரியவாப்பா எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, உம்மாவைப் பார்த்தார்.

"அவருக்கு மூளை சரியில்ல ஐயா" என்றார் உம்மா. "சீமையில இருந்து வந்த நாளையில இருந்து இப்பிடித்தான். மையத்துக் கல்லக் கட்டிப் புடிச்சிட்டுக் கிடப்பார். விசர்."

அவர் சொல்லி முடிக்கும்போதுதான் வாப்பாவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள் என்பதை நாங்கள் கண்டோம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சட்டையில் பொத்தான் இல்லை. மற்றக் கண்ணால் உம்மாவைப் பார்த்தார். உம்மா தலையை நிமிர்த்தவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் பெரியவாப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

உன் மனைவி உனக்குப் பைத்தியம் என்கிறாளே, உண்மையா என்று அதிகாரி கேட்டார்.

வாப்பாவுக்கு இங்கிலீசு நன்றாகத் தெரியும். அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். நேராகவே விளக்கிச் சொல்லியிருக்கலாம், முதல்நாள் இரவு அதைத்தான் செய்து பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். வீங்கிய கண் அதற்குக் கிடைத்த பதில். அவர் மேசையில் கிடந்த சுருள்களைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணிக் கடையில் கதைக்கிற அதே குரலில், தமிழில் தொடங்கினார்.

"ஐயா, நான் இருந்த தீவில ஒரு கோட்டை. கோட்டைக்குள்ள கழுதை சில்லுச் சுத்தித் தண்ணி அள்ளும்."

பெரியவாப்பா மொழிபெயர்த்தார். அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது.

"அந்தக் கோட்டையில ஒரு ராசா சன்னலுக்குள்ளால தப்பப் போனார். தலை வெளிய, உடம்பு உள்ள. மாட்டுப்பட்டுப் போனார்."

காவலுக்கு நின்றவன் சிரித்தான். அதிகாரியும் சிரித்தார். வாப்பா கையை விரித்து, கம்பிக்குள் மாட்டிய ராசாவைப் போல நெளிந்து காட்டினார். கடையில் அவர் ஒருநாளும் அப்படி நெளிந்து காட்டியதில்லை.

"ராணிக்கு எங்கட ஆள் ஒருத்தர் உருது படிச்சிக் குடுத்தார் ஐயா. ராணி கொப்பியில எழுதிப் பழகினவ."

அதிகாரி சிரித்துச் சிரித்துத் தன் நெற்றிப் பொட்டில் விரலால் தட்டிக் காட்டினார். பெரியவாப்பாவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பயம் விட்டுப்போகும்போது வருகிற சிரிப்பு. வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. சொல்லுகிற ஒவ்வொன்றுக்கும் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருசம் என் மகன் போனில் அந்தத் தீவைத் தேடிக் காட்டினான். சில்லுக்குள் கழுதை நடக்கிறது. கோட்டைச் சன்னல் இருக்கிறது. மாளிகைச் சுவரில், தலைப்பாகை கட்டிய அந்த முன்ஷியின் படம் தொங்குகிறது. அன்றைக்குக் காம்பில் சொல்லப்பட்டவற்றில் பொய் ஒன்றே ஒன்றுதான். அதை வாப்பா சொல்லவில்லை.

அவரை விட்டுவிட்டார்கள். தூரக்கண்ணாடியையும் சுருள்களையும் தரவில்லை. வீட்டு வாசலில் உம்மா, "வேற வழி இருக்கல்ல" என்றார்.

"ஓம். நீ சொன்னதாலதான் உசிரோட வந்தன்" என்றார் வாப்பா. அதில் குத்தல் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைத்ததை நான் நெடுங்காலம் காணவில்லை.

உயிர் திரும்பியது, ஆனால் அந்தச் சொல் ஊரில் தங்கிவிட்டது. எழுதிக் கையெழுத்து வைத்த பெரிய மனிதர்களுக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்தவர்களே நாளாக ஆக அதை நம்பத் தொடங்கினார்கள். கடையில் அவர் வாய் திறந்தால் தோளைத் தட்டி, "சரி காக்கா, சரி, வீட்ட போங்க" என்று அனுப்பினார்கள். அவர் போவதை நிறுத்தினார். தீவைப் பற்றி எங்களிடமும் கதைக்கவில்லை. அந்த வாடைக்குக் கிழக்கு வரிசை முழுவதும் கடலுக்குள் போனது. அங்கே யார் யார் அடங்கியிருந்தார்கள் என்று சொல்ல இன்றைக்கு ஊரில் ஒருவரும் இல்லை.

ராத்தாவின் சம்மந்தம் குழம்பவில்லை. அந்த வாத்தியார் மாப்பிள்ளை, "வாப்பாவைப் பத்தி எனக்கிட்ட ஒண்டும் சொல்லவேணாம், நான் பொண்ணத்தானே கேட்டன்" என்றாராம். எங்கள் வளவில் பந்தல் போட்டுக் கலியாணம். ஊர்ப் பெரியவர்கள் காம்ப் அதிகாரியையும் அழைத்திருந்தார்கள். அழைக்காமல் இருக்க முடியாத காலம். அவர் இரண்டு பேரோடு வந்து முன்வரிசையில் இருந்து பிரியாணி சாப்பிட்டார்.

நிக்காஹ் எழுத வந்த லெப்பை மாப்பிள்ளையின் ஊர்க்காரர். கொப்பியை விரித்து, "பொண்ணுட வாப்பா எங்க? பொண்ணக் குடுக்கிற வலி அவர்தானே" என்றார்.

நான் ராத்தாவோடு திரைக்குப் பின்னால் இருந்து துணி விலகிய இடத்தால் பார்த்தேன். பந்தல் ஓரத்தில் இருந்த வாப்பா எழுந்தார். புதுச் சாரமும் துரையின் வெள்ளைச் சட்டையும் உடுத்தி, அன்றைக்கு அழகாக இருந்தார்.

"நான்தான் வலி" என்றார் பெரியவாப்பா. "தம்பிக்குப் புத்தி சுகமில்ல. சுகமில்லாத ஆள் வலியா இரிக்க ஏலாதே."

"நான் உள்ள வரக்க எனக்கு ஸலாம் சொன்னார். நல்லாத்தானே இருந்தார்."

"ஊரறிஞ்ச விசயம் லெப்பை."

"ஊரறிஞ்சாக் காணாது. நாளைக்கு அல்லாட்ட நான் பதில் சொல்லணும்." லெப்பை வாப்பாவைக் கூப்பிட்டார். "இஞ்ச வாங்க. ஒண்டே ஒண்டு கேக்கன். உங்கட மூத்த மகள்ட பேர் என்ன?"

அதிகாரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். வாப்பா அதிகாரியைப் பார்த்தார். பெரியவாப்பாவைப் பார்த்தார். பெரியவாப்பாவின் முகம் வெளிறியிருந்தது. கையெழுத்து வைத்த பெரியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். வாப்பா கடைசியாகத் திரைப்பக்கம் திரும்பினார்.

ஒரு பேரைச் சொன்னார். அது எங்கள் குடும்பத்தில் யாருடைய பேரும் இல்லை.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லெப்பை தலையைக் குனிந்து பெரியவாப்பாவின் பேரை எழுதத் தொடங்கினார். மருதோண்டி போட்ட ராத்தாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவள் அழவில்லை. பிடியைத்தான் விடவில்லை.

சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது வாப்பாவைத் தேடி வளவின் பின்பக்கம் போனேன். சமையல் கிடாரத்தடியில், விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டு குந்தியிருந்தார். மாப்பிள்ளை மச்சான் தன் கூட்டாளிமார் இரண்டு பேரோடு அங்கே வந்தார். ஏன் இரண்டு பேரைக் கூட்டி வந்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"மாமா, கையத் தாங்க."

"சாப்பிட்டீங்களா மகன்?"

"அது பிறகு. நீங்க சொல்லாம எனக்கு இது நிக்காஹ் இல்ல. இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

வாப்பா சுற்றும் பார்த்தார். சாம்பல் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மச்சானின் கையைப் பிடித்தார். ராத்தாவின் முழுப்பேரையும், தன் பேரையும், தன் வாப்பாவின் பேரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்றார்.

"கபில்து" என்றார் மச்சான். ஏற்றுக்கொண்டேன்.

நான் முன்பக்கத்தைப் பார்த்தபடி, யாரும் வந்துவிடக்கூடாதே என்று நின்றேன். வந்தது உம்மா. கையில் வாப்பாவுக்கான சோற்றுக் கோப்பை. எல்லாவற்றையும் கேட்டிருக்கவேண்டும். அம்மிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அழாத" என்றார் வாப்பா. "ஆரும் கண்டா என்னமோ எண்டு நினைப்பாங்க."

என் கலியாணம் அதற்கு ஆறேழு வருசம் கழித்து. கடற்கரைக் காம்பை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பள்ளிச் சபை எழுதிக்கொடுத்த கடதாசி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் வலியாகப் பெரியவாப்பாவே வந்து இருந்தார். வாப்பாவை யாரும் கூப்பிடவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, விடியலிலேயே கிடாரத்தடிக்குப் போய்விட்டார். இந்த முறை லெப்பை எங்கள் ஊர்க்காரர். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் மாப்பிள்ளை தூரத்து ஊர். பின்பக்கம் போய்க் கை நீட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. நான் சொல்லியனுப்பியிருக்கலாம்.

சம்மதம் கேட்கப் பெரியவாப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என்னைச் சுற்றி நீங்கள் எல்லாம் இருந்தீர்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். பின்பக்கம் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. என் வாப்பா வரட்டும் என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும்.

"மகள், நான் வலியா இருந்து முடிச்சுத் தரச் சம்மதமா?"

"ஓம்" என்றேன்.